பாசி தின்ற பசுவின் பால்

பால் வியாபாரத்தில் மாட்டைச் சமாளிப்பது பாதி, மாட்டைப் பற்றி ஊர் பேசுவதைச் சமாளிப்பது மீதி. கறவை வைத்துப் பிழைத்த அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வலைக்குப்பை

எங்கள் ஊரைவிட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் போன அடுத்த கோடையில் வைக்கோலுக்குப் பஞ்சம். எங்கள் மாட்டு டாக்டர் பிரான்சில் படித்தவர். பிரெஞ்சில் ஐயா என்பதுபோல, முசே என்றுதான் கூப்பிடுவோம். "கடல்பாசிய காயவச்சு தீவனத்துல சேத்துப் பாரு. அங்க கடலோரத்து மாடுங்க அத தின்னும். பாலுல வைட்டமின்கூட கூடலாம்" என்றார். மீனவர்கள் இருக்கும் வைத்திக்குப்பம் போய், வலையில் சிக்கி உதறிப்போட்ட பாசியைக் கேட்டேன். நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, உலர்த்தி, தவிட்டோடு ஒரு கைப்பிடி கலக்கலாமென்று எண்ணம். மீன்கூடையோடு நின்ற பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மீனுக்குப் பேரம் பேசறவங்கள பாத்திருக்கேன், குப்பைக்குக் கெஞ்சற ஆள இப்பதான் பாக்கறேன்."

வாசல் கறவை

அப்போதெல்லாம் மாட்டை வீட்டு வாசலுக்கே ஓட்டிப்போய், வீட்டுக்காரர் கண்ணெதிரில் கறந்து கொடுக்க வேண்டும். மாடு பாசி தின்கிற சேதி எனக்கு முன்னாலேயே போய்விட்டது. சுத்த சைவப் பெரியவர் ஒருவர் செம்பை நீட்டாமல் நின்றார். பாசியும் கீரை மாதிரிதான் என்றேன். செம்பை இடுப்போடு அணைத்துக்கொண்டார். "பாசி சைவந்தாம்பா, ஒத்துக்கறேன். அதுமேல மீனு ஒரசிட்டுப் போயிருக்குமே."

ஒரு கரண்டி எண்ணெய்

நெல்லித்தோப்பு அந்தோணியம்மாள் திடீரென்று கூடுதலாகப் பால் கேட்டாள். மகள் ரீத்தாவுக்கு மாலைக்கண். ஆஸ்பத்திரியில் கொடுத்த மீன் எண்ணெயை நிறுத்திவிட்டு, பாசிப் பாலில் கண்ணுக்கான வைட்டமின் கூடியிருக்கிறதென்ற ஊர்ப்பேச்சைக் கேட்டு, என் பாலை மட்டும் நம்பியிருந்தாள். ஒரு சாயங்காலம் நீட்டிய டம்ளரைப் பிடிக்கப் போன குழந்தை, பக்கத்தில் வெறுங்காற்றைத் துழாவியது. முசேயிடம் ஓடினேன். "கூடலாம்னுதான சொன்னேன்? எவ்ளோன்னு அளந்து பாக்க இங்க வசதியில்ல. எண்ணெய நிறுத்த வேணாம்னு சொல்லு" என்றார்.

சொன்னேன், அந்தோணியம்மாள் கேட்கவில்லை. வாடிக்கை போனால் போகட்டும், எண்ணெய் உள்ளே இறங்கினால்தான் மடியில் கை வைப்பேன் என்று தினமும் வாசலில் நின்றேன். ரீத்தா முகத்தைச் சுளித்து விழுங்குவாள், பிறகு பால். மழைக்காலம் வருவதற்குள், விளக்கேற்றும் நேரத்தில் மற்றப் பிள்ளைகளோடு தெருவில் ஓட ஆரம்பித்தாள். அதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தோணியம்மாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எண்ணெயா? அது பால்கார அண்ணன் புடிவாதத்துக்காகக் குடுத்தது. கண்ணக் குடுத்தது இந்தப் பாலு."

கண்ணெதிரில் கறந்தாலும் தண்ணீர் கலந்திருப்பேன் என்று சந்தேகப்பட்ட ஊரில், யாரும் அளந்தே பார்க்காத சத்தை மட்டும் ஒருவரும் சந்தேகப்படவில்லை.