அப்பா கட்டிய அலமாரி

அம்மா இறந்து சில மாதங்கள் கழித்து, அப்பாவைக் கடல் தாண்டியிருக்கும் சபா மாநிலத்துக்கு என்னோடு அழைத்துப் போனேன். டத்தோ கிராமாட்டில் இருந்த எங்கள் வீட்டில் அவரைத் தனியே விட மனம் வரவில்லை. நிலநடுக்கத்தை ஆராய்வது என் வேலை. அங்கே ஒரு மலைக்கிராமத்தில் பெரிய நடுக்கம் வந்து போனபின் சிறுசிறு பின்னதிர்வுகள் தொடர்ந்துகொண்டிருந்தன. பூமி பிளந்து நகர்ந்த தடத்தைத் தேடி, அதன் ஓரமாகக் கருவிகளைப் புதைத்துவிட்டு வர வேண்டும்.

நாங்கள் தங்கிய வீட்டுக்காரப் பெண், தன் இரண்டு பிள்ளைகளோடு முற்றத்தில் கூடாரம் போட்டுப் படுத்துவந்தாள். வீடு உறுதியாகத்தான் இருந்தது. வந்து சோதித்த அதிகாரிகளும் உள்ளே தங்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் பெரிய நடுக்கம் வந்த அன்று பிள்ளைகளின் கட்டில்மேல் சாய்ந்த அலமாரியை அவளால் மறக்க முடியவில்லை.

"இது எப்போது நிற்கும்?" என்று மலாயில் என்னிடம் கேட்டாள்.

போகப்போகக் குறையும், ஆனால் எந்த நாளில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றேன். தலையாட்டிவிட்டுத் தேநீர் கலக்கப் போனாள்.

"இவ்ளோ படிச்சும் தெரியாதாம்மா?" என்றார் அப்பா.

"தெரியாதுப்பா."

மறுநாள் நான் மலையிலிருந்து திரும்பியபோது அப்பா அந்த அலமாரியின் முன் மண்டியிட்டிருந்தார். பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்த்தவர் அவர். அம்மா போனபின் ஸ்பேனரைத் தொட்டதே இல்லை. இப்போது இரும்புப் பட்டையை வளைத்து, அலமாரியைச் சுவர்க்கட்டையோடு சேர்த்து முடுக்கிக்கொண்டிருந்தார்.

"பக்கத்துக் கடையில நட்டு கெடைச்சுதும்மா. வேற என்னென்ன விழும்னு சொல்லு."

சமையலறைப் பாத்திர அடுக்கு, டிவி என்று ஒவ்வொன்றாக இருவரும் சேர்ந்து கட்டினோம். அம்மாவுக்குப் பின் நாங்கள் அவ்வளவு நேரம் பேசிக்கொண்டதில்லை.

மூன்றாம் நாள் மதியம் சாப்பிடும்போது ஓர் உறுமல் கேட்டது, தரை ஆடியது. நான் சுதாரிப்பதற்குள் அப்பா என் தலையை அமுக்கி மேசைக்கடியில் தள்ளி, தானும் நுழைந்துகொண்டார். சில விநாடிகளில் நின்றுவிட்டது. அவர் கை மட்டும் என் தலைமேலேயே இருந்தது. நானும் நகரவில்லை.

அந்தப் பெண் முற்றத்திலிருந்து ஓடிவந்தாள். அலமாரியைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். அது அசையவில்லை.

மாலையில் பாய்களைச் சுருட்டி உள்ளே கொண்டுவந்தாள். இன்றைக்கு இங்கேயே படுத்துப் பார்க்கிறோம் என்றாள். கூடாரத்தைப் பிரித்துவிடட்டுமா என்று அப்பா கேட்டார். இருக்கட்டும் என்றாள்.

"அதுவும் சரிதான்லா" என்றார் அப்பா, என்னிடம்.