சாமிக்குத் தடை போட்ட ஊர்

நான் பிழைக்க வந்திருக்கும் ஊரில் சாமி தெருவுக்கு வரக்கூடாது. கேலிக்குச் சொல்லவில்லை. மார்சேல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிரெஞ்சுக்காரர்களின் சின்ன ஊர் இது. நம் பக்கத்து முனிசிபல் சேர்மன் மாதிரி இங்கே மேர் என்று ஒருவர் அதிகாரம் செய்கிறார். மாதா சிலையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஊர்வலம் போகக்கூடாது என்று அவர் போட்ட உத்தரவை மாதா கோயில் மதிலிலேயே ஒட்டியிருக்கிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மதாமிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட அன்று எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மதாம் நான் சமைக்கும் விடுதியின் சொந்தக்காரி, கால் வீங்கி மாடியிலேயே கிடக்கும் கிழவி. அவளுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அதைப் பார்த்தும் என் சிரிப்பு நிற்கவில்லை. இந்தத் தெருவுக்குள் வராதே என்று சாமியைப் பார்த்தே சொல்கிற ஊர் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை பூந்தமல்லிப் பக்கத்து நூம்பல் சேரியில் பிறந்தவன் ருசித்துக் கேட்கிற மாதிரி வேறு யார் கேட்க முடியும்?

எங்கள் நூம்பலில் அம்மனுக்கு எந்தத் தடையும் இல்லை. ஆடி மாதம் பல்லக்கில் ஏறிவிட்டாள் என்றால் ஏரிக்கரை, நெற்களம், மாட்டுக் கொட்டில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வருவாள். எங்கள் தெருமுனைக்கு வந்ததும் மட்டும் அவளுக்கு வேறு வேலை ஞாபகம் வந்துவிடும். "திருப்பு, திருப்பு" என்று குரல் கேட்கும், பல்லக்கு திரும்பிவிடும். ஏன் என்று மணியக்காரரைக் கேட்டோம். தெரு குறுகல் என்றார். வேலிகளைப் பின்னால் தள்ளிப் போட்டு அகலமாக்கினோம். அடுத்த ஆடியில் தெரு பள்ளம் என்றார். மண்ணடித்து மேடாக்கினோம். அதற்கடுத்த ஆடியில், "அம்மாவே வரமாட்டேன்றா, நான் இன்னா பண்ணட்டும்?" என்று கையை விரித்துவிட்டார். அதற்கு எங்கே மண்ணடிப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

நான் பூந்தமல்லி மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலெழுத்து படித்து, பட்டாளத்துத் துரை ஒருவர் வீட்டில் சமையலுக்குச் சேர்ந்து, அவரோடு கப்பலேறி, வழியிலேயே அவருக்கு என் குழம்பு அலுத்துப்போனதால் மார்சேலில் இறங்கி நின்றவன். இங்கே தெருக்குழாயில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் குடிக்கிறார்கள். முதல்நாள் குடித்துவிட்டு, யாராவது அதட்டுவார்கள் என்று அங்கேயே நின்றேன். பின்னால் நின்ற மீன்காரி அதட்டத்தான் செய்தாள், சீக்கிரம் நகரச் சொல்லி. இன்னொரு கை அள்ளிக் குடித்துவிட்டுத்தான் நகர்ந்தேன். என் மனைவி பவுனை எப்படியாவது இங்கே கூட்டிவந்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். கப்பலில் சமைத்துக்கொண்டே ஒருமுறை ஊர் போனதும் அதற்காகத்தான்.

"சாமி இல்லாத ஊர்ல நான் எப்பிடியா கீறது?" என்றாள் பவுனு.

"இங்க மட்டும் எந்தச் சாமி உன் ஊட்டுக்கு வந்துகீது?"

"ஊட்டுக்கு வராட்டி போறா. முனைல திரும்பசொல்லோ என்னை ஒரு பார்வை பாக்கறா பாரு, அது போதும் எனக்கு. நீ என்னிக்குனா பாத்துகிறியா?"

நான் பார்த்ததில்லை. பவுனு ஆடிக்கு ஆடி மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு அந்த முனையில் நிற்பவள். அந்த ஒரு பார்வைக்காக ஒரு தேசத்தையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

நம் பக்கத்துப் படித்த மனிதர்கள் கூட்டம் போட்டு, பக்தியுள்ள தேசம் முன்னேறுமா, பக்தியை விட்ட தேசம் முன்னேறுமா என்று தொண்டை வறளப் பேசுகிறார்களாம். அவர்கள் எங்கள் விடுதிக்கு வந்து சாப்பிடலாம். இங்கே ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தங்கியிருக்கிறார், மிசியே என்று கூப்பிடுவோம். சாமியைக் கோயிலுக்குள் வைத்துப் பூட்டியதால்தான் எங்கள் தேசம் முன்னேறியது என்று சூப்பு ஆறும்வரை பேசுவார். ஆனால் மேசையில் பதின்மூன்று பேர் உட்கார்ந்துவிட்டால் கரண்டியைத் தொடமாட்டார், இங்கே அது அபசகுனமாம். ஆள் இல்லாத பதினாலாவது தட்டு ஒன்றை நான் வைக்க வேண்டும். மேர் ஆபீஸ் வாசலில் குடியரசு என்கிற பெண்ணுக்குச் சிலை வைத்து வருஷா வருஷம் மாலை போடுகிறார்கள். அப்போது தொப்பியைக் கழற்றாதவனை இவர் முறைக்கிற முறைப்பில் நம் பூசாரியே தோற்றுப்போவார்.

ஒருநாள் மிசியே என்னைக் கேட்டார், "உங்கள் ஊரில் சாமிகள் இஷ்டப்படி தெருவில் திரியுமாமே?"

"எல்லாத் தெருவுக்கும் போகும். எங்கள் தெருவுக்கு மட்டும் வராது," என்றேன்.

அவர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சபாஷ்! உங்கள் தெருவாவது முன்னேறியிருக்கிறதே!"

எனக்குத் தெரிந்த அடுப்படிப் பிரெஞ்சில் அவ்வளவுதான் சொல்ல முடியும், சேரி என்பதற்கு அதில் வார்த்தை இல்லை. அவருக்கு விளக்க முடியாமல் சூப்புத் தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

மாதா திருநாள் இங்கே ஆகஸ்டில் வருகிறது, நமக்கு ஆடி முடிகிற சமயம். சிலையைக் கோயில் மதிலுக்குள்ளேயே சுற்றி, கேட்டுவரை கொண்டுவந்து திருப்பிவிடுவார்கள். கேட்டுக்கு எதிரே இருக்கும் தெருமுனைவரை தன்னைக் கொண்டுபோகச் சொல்லி மதாம் என்னைக் கெஞ்சினாள். நாற்காலியோடு தூக்கினேன். மறுபக்கத்தை மிசியே பிடித்தார், உத்தரவில் நாற்காலிக்குத் தடை இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே. மாதா கேட்டுவரை வந்தாள். உள்ளே யாரோ குரல் கொடுத்தார்கள். அதற்கு யாரும் எனக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிலை திரும்பியது. மதாம் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "பார்த்தாயா? என்னை ஒரு பார்வை பார்த்தாள்," என்றாள். இந்தமுறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கப்பலில் கரி அள்ளும் பூந்தமல்லிக்காரன் கன்னியப்பன் ஊருக்குப் போகும்போது பவுனுக்குச் சொல்லி அனுப்பினேன்: இங்கேயும் ஒரு அம்மன் இருக்கிறாள், இவளும் முனையோடு திரும்பிவிடுவாள், நீ புதிதாகப் பழக ஒன்றும் இல்லை, புறப்பட்டு வா.

திரும்பி வந்த கன்னியப்பன் தலையைச் சொறிந்தான். "வருவாங்களாம் அண்ணாத்தே. ஆனா ஒண்ணு கேட்டுகினு வரச் சொன்னாங்க. அந்த அம்மா கெழவியத்தான் பாத்தாளா, உன்னையும் பாத்தாளான்னு."

 நாற்காலிக்குப் பக்கத்தில் நின்ற நான் மாதாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. நூம்பல் முனையிலும் அம்மன் முகத்தை நான் பார்த்ததில்லை. இரண்டு ஊரிலும் என் கண் போனதெல்லாம் சாமியைத் திருப்புகிறவர்களின் முதுகின்மேல்தான்.