டாக்டரம்மாவின் காரும் நான் எழுதிய கடிதமும்

அன்றைக்கு எங்கள் வாசலில் இருந்தவர்கள் மூன்று பேர்: நைனா என்று நாங்கள் கூப்பிடும் என் அப்பா, அம்மாவின் தம்பியான என் மாமா, நான். இல்லாதவர் என் அக்காவின் புருஷன். யாருக்காகக் கார் வாங்குவது பற்றிப் பேச உட்கார்ந்தோமோ, அந்த பாவா மலாயாவில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கா இருந்தாளா, இல்லையா என்பதை இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. பத்தடி தள்ளி அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். அவளை யாரும் கூப்பிடவில்லை.

பாவா கப்பல் ஏறியபோது அக்கா முழுகாமல் இருந்தாள். அந்தக் குழந்தைக்கு இப்போது ஏழு வயது. நடுவில் சண்டை வந்து, ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து, மூன்றரை வருஷம் ஒரு கடிதாசி கிடையாது. சண்டை முடிந்து முதல் கடிதம் வந்த அன்றுதான் அவர் உயிரோடிருக்கிறார் என்பதே எங்களுக்குத் தெரிந்தது. அதற்கடுத்த கடிதத்தில் கார் விஷயம் வந்தது. எஸ்டேட் கிளார்க்கு எழுதிக் கொடுத்த கடிதம்: 'இங்கே இருந்தது போதும். திருத்தணி ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்கும், ஆர்.கே.பேட்டைக்கும், திருப்பதிக்கும் வாடகைக்கு ஓட்ட ஒரு கார் கிடைத்தால் அடுத்த கப்பலில் வந்துவிடுகிறேன். புதுசா பழசா என்பதை விசாரித்து விவரமாக எழுதவும்.'

கார் கிடைத்தால் அடுத்த கப்பலில் வருகிறார். விஷயம் அவ்வளவுதான். இதை அக்கா ஒருத்திதான் ஒழுங்காகப் புரிந்துகொண்டாள் என்பது எனக்கு வெகு தாமதமாகத்தான் உறைத்தது.

பழைய கார் ஒன்று அப்போது கையெட்டும் தூரத்திலேயே இருந்தது. பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா ஊரோடு போய்விடப் போகிறார். அவர் ஓட்டிய சின்னக் கார், ஏழெட்டு வருஷம் ஓடியது, ஆயிரத்து நானூறு ரூபாய் சொன்னார். சண்டைக்கு முன்னால் பாவா அனுப்பிய பணத்தை, அரிசிக்கு அல்லாடிய நாளில்கூட அக்கா தொடாமல் போஸ்டாபீசில் வைத்திருந்தாள். ஆயிரத்து நூற்று நாற்பது. மீதிக்குத் தன் சங்கிலியைத் தருவதாக நைனாவிடம் முன்னமே சொல்லியிருந்தாள்.

புதுக் காரென்றால் பட்டணத்தில் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு வருஷமோ, இரண்டோ, கடைக்காரனுக்கே தெரியாது. விலையோ ஐந்து மடங்கு.

கழுதைக்கும் தெரியும் எது சரியென்று. ஆனால் மாமாவுக்குத் தெரியவில்லை.

மாமா ஸ்டேஷனில் குதிரை ஜட்கா ஓட்டுகிறவர். காவடி எடுத்து வருகிறவர்களை அடிவாரத்தில் இறக்கிப் பிழைத்தவர். எங்கள் வீட்டில் சக்கரம் வைத்த எதைப் பற்றிப் பேசினாலும் அவர் வார்த்தைதான் முடிவு.

"அந்தக் காரா?" என்றார் மாமா. "அது ஆவாது."

"ஏன் ஆவாது? ஓடிகினுதான கீது?" என்றார் நைனா.

"ஓடும். அதுல பொணம் போயிருக்கு" என்றார் மாமா.

நைனா சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"போன வருசம் அம்மையார்குப்பத்துப் பொண்ணு ஒண்ணு பிரசவத்துல அந்த ஆஸ்பத்திரில செத்துப் போச்சு இல்ல? என்னத்தான் மொதல்ல கூப்ட்டாங்க. நான் ஏத்த மாட்டேன்னுட்டேன். பொணம் ஏத்துன வண்டில சாமி சவாரி ஏத்தக்கூடாதுன்றது எங்க தொழில்ல கட்டு. அப்பறம் எவனும் ஏற மாட்டான். நான் மாட்டேன்னதும் மத்த ஜட்காக்காரனும் மாட்டேன்னுட்டான். கடைசில அந்தம்மாவே பின்சீட்டுல படுக்க வச்சிகினு ஓட்டிகினு போயிட்டாங்க."

"நீ ஏத்தியிருந்தா அந்தக் காரு சுத்தமா இருந்திருக்கும்" என்றேன்.

"படிச்சவன் பேசறான், கேட்டுக்கோ" என்று மாமா நைனாவைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்கு அன்றைக்கே கோபம் வந்தது. ஆனால் அது வாயால் வந்த கோபம். ஒரு குத்தல் பேசிவிட்டுத் தீர்ந்துபோனது. இன்றைக்கு இருப்பது வேறு. ஊர்ப் பொதுக் கிணற்றில் எங்கள் குடம் பட்டால் தீட்டு என்று தண்ணீர் இறைத்துக் கொட்டிக் கழுவுகிறவர்கள் இருக்கும் ஊர் எங்களுடையது. அந்த நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து, செத்துப்போன ஒரு பெண்ணை அவள் தாய்வீட்டுக்குக் கொண்டு சேர்த்த வண்டியைத் தீட்டு என்கிறோம். அந்தக் கார் செய்த குற்றம் அதுதான். ஜட்காக்காரர்கள் அத்தனை பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்ட இடத்தில் அது போய் நின்றது.

நைனா வழக்கம்போல் நடுவில் விழுந்தார். "நாம இன்னா முடிவு பண்றது. அவன் வண்டி, அவன் பணம். ரெண்டையும் எழுதிப் போடு. அவனே சொல்லட்டும்."

எழுதுவது என் வேலை. எங்கள் வம்சத்தில் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான். பத்தாவது தேறி, ரேஷன் ஆபீசில் கார்டு எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வருகிற கடிதம் எல்லாம் என் வாயால்தான் பேசும், போகிற கடிதம் எல்லாம் என் கையால்தான் போகும். அதில் எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போது பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. காகிதத்தின் நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு. விலை, டயரின் நிலை, பெட்ரோல் எவ்வளவு குடிக்கும், எத்தனை நாள் ஆகும் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். சாதகம் பாதகம் இரண்டையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

அக்கா களி கிண்டிய கையோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"பொணம் போனத எழுதினியா?"

"இன்னும் இல்ல."

"எழுதாத."

"அதெப்படிக்கா? நாளைக்கு வந்து ஊர்ல யாராச்சும் சொன்னா, ஏன் மறைச்சேன்னு என்னத்தான் கேப்பாரு."

"வந்து கேக்கட்டுமே. வந்தாத்தான கேப்பாரு?"

"பொய் எழுதச் சொல்றியா?"

"பொய்யி எழுத வேணாம். எழுதாம வுடு. அவ்ளோதான் கேக்கறேன்."

அவள் என்னிடம் கெஞ்சியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். நான் என்ன செய்தேன்? 'பழசு' பக்கத்தின் கடைசி வரியாக, அழகான கையெழுத்தில், 'இந்தக் காரில் ஒருமுறை பிரேதம் ஏற்றிச் சென்றிருப்பதாக மாமா சொல்கிறார்' என்று எழுதினேன். எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டவும் செய்தேன். மறைக்கக் கூடாதல்லவா. அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. பதில் வரும்வரை காரை வேறு யாருக்கும் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்தார். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது.

பாவாவின் கடிதங்கள் வழக்கமாக எஸ்டேட் கிளார்க்கின் நடையில், க்ஷேமலாபத்தில் தொடங்கி மழை வெயிலில் முடியும். இந்தக் கடிதத்தில் நடுவே பாவாவின் குரல் கேட்டது. அவர் சொல்லச் சொல்ல கிளார்க்கு அப்படியே எழுதியிருக்க வேண்டும்.

'ஜப்பான்காரன் எங்களைச் சயாம் காட்டுக்கு ரோடு போட, ரயில் போட என்று கொண்டுபோனது உங்களுக்குத் தெரியாது. நான் எழுதவில்லை. லாரி ஓட்டத் தெரிந்ததால் எனக்கு மண்வெட்டி கொடுக்கவில்லை. காலையில் அரிசி ஏற்றுவேன். சாயந்திரம் காலராவில் செத்தவர்களை ஏற்றுவேன். நம்ம சனம்தான். ஒருத்தன் பெயரும் எனக்குத் தெரியாது. பிணம் போன வண்டியில் இனி இந்த ஜென்மத்தில் உட்கார மாட்டேன். புது வண்டி பதிந்துவிடுங்கள். பணத்துக்காக இன்னும் இரண்டு வருஷத்துக்கு எஸ்டேட்டில் அக்ரிமெண்டு போட்டுக் கைநாட்டும் வைத்துவிட்டேன்.'

நான் படித்து முடித்தேன். நைனா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். மாமா, "நான்தான் சொன்னேன் இல்ல" என்றார்.

"நீ சும்மா இரு மாமா" என்றாள் அக்கா. மாமாவை அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு என்னைப் பார்த்தாள். "அந்த ஒரு வரி. உனக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது, அத எழுதாம வுட்டிருந்தா? அவரு வந்து, ஏறி, ஓட்டி, நாலு மாசம் கழிச்சித் தெரிஞ்சிருந்தா வித்துட்டு வேற வாங்கியிருப்பாரு. இல்ல, ஜட்கா ஓட்டியிருப்பாரு. மூட்டை தூக்கியிருப்பாரு. இங்க இருந்திருப்பாரு."

அதற்குப் பின் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. சோற்றை மட்டும் வைப்பாள்.

பாவாமேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். அந்தக் காட்டில் அவர் பட்டதை நினைக்காமல் இல்லை. ஆனாலும், ஒரு வார்த்தை எங்களைக் கேட்டுவிட்டுக் கைநாட்டு வைத்திருக்கலாமே? ஆயிரம் மைல் தள்ளி இருந்துகொண்டு, பார்க்காத காரைப் பற்றி, கோடு போட்ட ஒரு காகிதத்தை வைத்து முடிவு செய்தார். அந்தக் கோட்டைப் போட்டவன் நான். அவர்மேல் எறிகிற கல் ஒவ்வொன்றும் திரும்பி என்மேல்தான் விழுகிறது.

அக்ரிமெண்டை ரத்து செய்யச் சொல்லி ஒரு கடிதம் எழுதிப் பார்த்தேன். முடியாது என்று பதில் வந்தது.

பெயர் பதிய நானும் நைனாவும் பட்டணம் போனோம். கடையில் நைனாவின் செருப்பில்லாத காலைப் பார்த்துவிட்டு, "எந்த எசமானுக்குப் பதியணும்?" என்று கேட்டான் ஒருவன். "எங்களுக்குத்தான்" என்றேன். எதிரில் நாலு நாற்காலி காலியாக இருந்தது. ஐந்நூறு ரூபாயை வாங்கி எண்ணி ரசீது எழுதிக் கொடுக்கும்வரை நின்றுகொண்டே இருந்தோம்.

டாக்டரம்மாவின் காரை ஆர்.கே.பேட்டை துணி வியாபாரி ஒருவர் வாங்கினார். அவர் என்ன செய்தார் தெரியுமா? சரவணப் பொய்கையிலிருந்து ஒரு குடம் தண்ணீர் மொண்டு வந்து தெளித்தார். நாலு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கினார். அடுத்த கிருத்திகைக்கு வண்டி ஸ்டேஷன் வாசலில் நின்றது. காவடியை மேலே கட்டிக்கொண்டு, பட்டணத்து ஜனம் இடித்துக்கொண்டு ஏறியது.

என்னால் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. அந்தக் காரின் டிரைவரிடம் போய், "இந்த வண்டியில பொணம் போச்சாமே, ஏறுறவங்க யாராச்சும் கேக்கறாங்களா?" என்றேன்.

"ஆங், கேப்பாங்க" என்றான் அவன். "ஆளுக்கு எவ்ளோன்னு கேப்பாங்க. அதக் கேட்டுட்டு, கொறைக்க மாட்டியான்னு கேப்பாங்க."

அன்றைக்கு மாமாவின் ஜட்காவும் அங்கேதான் நின்றிருந்தது. குதிரை புல்லைத் தின்றுகொண்டிருந்தது, சவாரி இல்லை. அதைப் பார்த்தபோதுதான் ஒரு சந்தேகம் எனக்குள் புகுந்தது. பாவாவின் கார் அன்றைக்கே வந்திருந்தால் மாமாவின் பிழைப்பு அப்போதே போயிருக்கும். தொழில் கட்டு என்று அவர் சொன்னது எவ்வளவு, வயிற்றுப் பயம் எவ்வளவு? நேராகவே கேட்டேன்.

"போடா" என்றார் மாமா. குதிரையின் பிடரியைத் தடவிக்கொண்டே இருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டு என்ன?

ஒரு வருஷம் என்றது இரண்டே கால் வருஷம் ஆனது. அதற்குள் விலை மூன்று தடவை ஏறியது. கடைசியில் கார் வந்துவிட்டது என்று கடையிலிருந்து கடிதம் வந்தபோது, மூன்றில் ஒரு பங்கைக் கையில் கட்டிவிட்டு மீதியை முப்பது மாதத் தவணையில் கட்டலாம் என்றார்கள். பாவாவுக்கு எழுதினேன். இந்தத் தடவை கோடு போடவில்லை. 'அக்கா உங்களை வரச் சொல்கிறாள், வண்டி வராவிட்டாலும் பரவாயில்லை என்கிறாள்' என்று எழுதினேன். அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதினேன்.

பதிலில் பாவா, தவணைக்கே சம்மதிக்கச் சொல்லியிருந்தார். கிருத்திகைக்குக் கிருத்திகைதான் நிறைய சவாரி. மற்ற நாளில் பெட்ரோல் கூப்பனும் பற்றாது, வண்டி நிற்கும், தவணை நிற்காது. வெறும் வாடகையை நம்பி இங்கே வந்து உட்கார்ந்தால் நாலாவது மாதம் கடைக்காரன் காரைப் பிடுங்கிக்கொண்டு போவான். ஆகையால் தவணை முடியும்வரை அவர் அங்கே இருந்தபடி பணம் அனுப்புவார். இங்கே சம்பளத்துக்கு ஒரு டிரைவர் போட்டுக்கொள்ளவும். கணக்குப் பார்த்தால் அவர் சொன்னது சரி. அதுதான் ஆத்திரம். ஒவ்வொரு கட்டத்திலும் எல்லாரும் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

கார் வந்தது. பாவா வரவில்லை. கறுப்பு வண்டி, முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. தெருப் பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். மாமாதான் மாலை வாங்கி வந்து போட்டார், எலுமிச்சம்பழமும் அவர்தான் வைத்தார். பாவாவின் மகள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "எங்க நைனா காரு" என்று போவோர் வருவோரிடம் எல்லாம் சொன்னாள். அவளுக்குப் பத்து வயது முடியப் போகிறது. நைனா என்பது அவளுக்கு ஒரு மணியார்டர் பாரத்தின் பெயர்.

அக்கா வெளியே வந்து ஒருமுறை காரைச் சுற்றிப் பார்த்தாள். கதவைத் திறக்கவில்லை. கடைக்காரன் கொடுத்த காகிதத்தை மட்டும் என் கையிலிருந்து வாங்கினாள். நாலு பக்கம், நுணுக்கி எழுதியது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினாள்.

"இதுல எல்லாம் எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு."

"எதையும் வுடாம?"

"ஆங்."

"படி."

படித்தேன். கார் விலை ஏழாயிரத்து அறுநூற்று ஐம்பது. தவணை வட்டி எழுநூற்று அறுபத்திரண்டு. வரி, பர்மிட், இன்சூரன்ஸ் முந்நூற்று நாற்பத்தெட்டு.

"கூட்டிச் சொல்லு" என்றாள். "மொத்தமா எவ்ளோ?"

எட்டாயிரத்து எழுநூற்று அறுபது ரூபாய்.