அனுமார் காசுக்கு நான் எடுத்த படம்

பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டின் மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, ஆன்லைனில் விற்கிறவர்களுக்குப் பொருட்களைப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். பெரும்பாலும் பட்டுப்புடவைதான். ஜரிகையில் வெளிச்சம் எங்கே விழவேண்டும், எங்கே விழக்கூடாது என்பதுதான் என் பிழைப்பு. மார்கழியில் கல்யாணம் இல்லை, எனக்கும் வேலை இருக்காது. அப்படி ஒரு மார்கழியில் ஆரணிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். பழைய காசு வியாபாரம் என்றார். ஒரு பிளாஸ்டிக் பையை மேஜையில் கவிழ்த்தார்.

எல்லாம் செம்புக் காசுகள். ஒரு பக்கம் அனுமார், மறுபக்கம் கம்பெனி முத்திரை.

“வெள்ளைக்காரன் கம்பெனி காலத்துக் காசும்மா. இருநூறு வருஷம் ஆவுது” என்றார்.

கையில் எடுத்தேன். விரலில் கருப்பாக ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன், ஷூ பாலிஷ் வாசனை. நெருக்கமாக எடுக்கிற லென்ஸைப் போட்டுப் பார்த்தபோது அனுமாரின் வால் நுனியில் ஒரு சின்ன வெட்டுத் தெரிந்தது. அடுத்த காசிலும் அதே இடத்தில் அதே வெட்டு. அதற்கடுத்ததிலும் இருந்தது.

“ஏன் சார், எல்லாத்துலயும் ஒரே இடத்துல அடிபட்டிருக்குது?”

அவர் சிரித்தார். “நீ நல்லா பார்க்கறம்மா. அந்த இடத்துல லைட்டு விழாம பார்த்துக்க. ஒவ்வொரு காசையும் வேற வேற துணி மேல வச்சு எடு. ஒண்ணே ஒண்ணுதான் இருக்குதுன்னு ஜனங்க நினைக்கணும்.”

எனக்குச் சந்தேகம் வந்தது என்று எழுதினால் அது பொய். எல்லாம் ஒரே அச்சில் புதிதாக வார்த்தவை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தேதான் விளக்கை இடப்பக்கம் நகர்த்தினேன். வால் நுனி நிழலுக்குள் போனது. தையற்கடையில் வாங்கி வைத்திருந்த பட்டு ரவிக்கைத் துண்டுகளை ஒவ்வொன்றாக விரித்து, அரக்கு மேல் ஒன்று, மயில்கழுத்து மேல் ஒன்று, மாம்பழ மஞ்சள் மேல் ஒன்று என்று எடுத்தேன். படம் நன்றாக வந்தது. கோயில் உண்டியலுக்குள்ளிருந்து நேராக எடுத்த மாதிரி இருந்தது. என் வேலையைப் பார்த்து எனக்கே கர்வமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கீழே வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அண்ணா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், ஸ்ரீபெரும்புதூர் வண்டியில் பல வருஷம் போனவர். பையில் வந்து விழுந்த சில்லறையில் வித்தியாசமான காசு கண்ணில் பட்டால் தன் காசைப் போட்டுவிட்டு அதை எடுத்து வைத்துக்கொள்வார். ஓட்டைக் காசு, நெளிநெளியான பத்துப் பைசா, தலைவர்கள் படம் போட்ட ரூபாய் என்று அவரிடம் ஆல்பமே உண்டு. அக்கா பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைக்கிறார். நான் குடிவந்த பிறகு அண்ணாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சு இழுத்துக்கொண்டது. கைப்பயிற்சி சொல்லிக்கொடுக்க வரும் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னால், அதைச் சுவரோரம் உருட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில், மாடிப்படியில் ஏறப்போன என்னை அக்கா கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனார்.

“இங்க வந்து பாரும்மா. அவருக்கு ஒண்ணு வாங்கியாந்தேன். எங்க ஸ்கூல் டீச்சர் போன்ல ஆர்டர் பண்ணிக் குடுத்தாங்க.”

அண்ணா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு காசு. அதைத் திருப்பப் பார்த்துக்கொண்டிருந்தார். கை நடுங்கியது. காசு மடியில் விழுந்தது. இடது கையால் எடுத்து மறுபடியும் வலது கையில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்ததும் அதை நீட்டினார்.

“அ…சல்” என்றார். வாதம் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அனுமார். வால் நுனியில் வெட்டு.

அக்கா போனை எடுத்து அந்த விளம்பரத்தைக் காட்டினார். மாம்பழ மஞ்சள் பட்டு. நான் எடுத்த படம். “எவ்ளோ லட்சணமா எடுத்துருக்கான் பாரு. இதைப் பார்த்துதான் வாங்கலாம்னு தோணுச்சு” என்றார்.

“நல்லா இருக்குதுக்கா” என்று சொன்னேன். சொல்லிவிட்டு மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்த வாரமே சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது, அது நல்ல காரணமாகவும் இருந்தது. அண்ணாவின் விரல்கள் அசைய ஆரம்பித்திருந்தன. பந்தைத் தொடாதவர் காசை நாள் முழுக்க உருட்டினார். பயிற்சிக்கு வரும் பெண்ணே ஆச்சரியப்பட்டாள். பொய்யான காசாக இருந்தாலும் கைக்கு நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் படி இறங்கும்போது அவர் ஜன்னல் வழியாகக் காசை உயர்த்திக் காட்டுவார். நான் கையை ஆட்டிவிட்டு வேகமாகப் போய்விடுவேன். பிறகு அந்த ஜன்னலைத் தாண்டும்போது போனைக் காதில் வைத்துக்கொள்ளப் பழகினேன். யாரோடும் பேசாமலேயே.

மாசி மாதம் அக்கா என் அறைக்கு வந்தார். அவர் படி ஏறுவதே அபூர்வம், முழங்கால் வலி. மூச்சு வாங்க நின்றுகொண்டு போனை நீட்டினார்.

“அந்தக் காசுக்காரரு போன் பண்ணாரும்மா. லட்சுமி, முருகர், சிவன் எல்லாம் சேர்ந்து செட்டா இருக்குதாம். தெரிஞ்சவங்கன்னு நமக்கு மட்டும் குறைச்சுத் தராராம். சீட்டுப் பணம் வந்துருக்குது, வாங்கிப்புடலாம்னு பார்க்கறேன். நீதான் போட்டோ புடிக்கிறவளாச்சே. பார்த்துச் சொல்லு. அசலாட்டம் தெரியுதா?”

அந்தப் படங்களையும் நான்தான் எடுத்திருந்தேன். அண்ணா கையில் காசைப் பார்ப்பதற்கு முந்தின வாரம்.

“வாங்காதீங்கக்கா.”

“ஏம்மா? விலை ஜாஸ்தியா?”

“காசே பொய்க்கா. கம்பெனிக்காரன் அனுமார், லட்சுமின்னு போட்டு இப்படிச் செம்புக் காசு அடிச்சதே இல்ல. அண்ணாகிட்ட இருக்கறதும் பொய்தான். இந்தப் படமெல்லாம் நான் எடுத்தது.”

அக்கா என் மேஜையைப் பார்த்தார். அதில் அந்த மாம்பழ மஞ்சள் துண்டு மடித்தபடி இருந்தது.

“எடுக்கறப்பவே தெரியுமா?”

“தெரியும்க்கா.”

“அவரு கையில பார்த்தியே, அன்னைக்குக்கூட நல்லா இருக்குதுன்னு சொன்னியே.”

 அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. கதவருகே போய்த் திரும்பி, “அவருகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா” என்றார்.

சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. அக்காவைத் தேடிக்கொண்டு அண்ணா சுவரைப் பிடித்தபடி படியடி வரைக்கும் வந்து நின்றிருந்தார். என் அறைக் கதவு திறந்தே கிடந்தது.

மறுநாள் காசு அவர் கையில் இல்லை. பந்தும் இல்லை. கையை மடியில் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அந்த வியாபாரிக்குப் போன் செய்து பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். படங்களை எடுத்துவிடவும் கேட்டேன். “படத்துக்குத்தான் காசு குடுத்துட்டனே, இப்ப அது என்னுது” என்றார். “நான் பொய் சொன்னேன்னு சொல்றியே, அந்தப் பொய்யை அழகா காட்டுனது யாரு?” என்றும் கேட்டார். போன் கட்டாகிவிட்டது. விளம்பரத்தின் கீழே இது போலி என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் அதைக் காணவில்லை, என்னையும் பிளாக் செய்துவிட்டார்கள். அக்காவிடம் என் பணத்தை நீட்டினேன். வாங்கவில்லை. “நீயா வித்த? வை உள்ள” என்றதோடு சரி.

அண்ணாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்குப் பங்குனி வரை ஆயிற்று. திருவிழாவுக்கோ எதற்கோ புடவைக்கடைக்காரர்கள் அவசரம் அவசரம் என்று வேலை கொடுத்ததைச் சாக்காக வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் அக்கா கடைக்குப் போயிருந்தபோது போய் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். விளக்கை நகர்த்தியது உட்பட.

அவர் பேச நேரம் பிடிக்கும். காத்திருந்தேன்.

“பஸ்ல… கூட்டத்துல… செல்லாத காசு… குடுத்துடுவாங்க. அப்ப தெரியாது. அப்பறம்… பார்ப்பேன்.” நிறுத்திக்கொண்டார். “யாராவது… படிக்காத பொம்பள… ஏறுவா. அவகிட்ட… தள்ளிவுட்டுடுவேன். சில்லறையோட சில்லறையா.”

அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். மனசு லேசாகப் பார்த்தது. அவர் இன்னும் முடிக்கவில்லை.

“நானும் நீயும்… ஒண்ணுதான். அவ…” என்று சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். “அவ யார்கிட்டயும்… தள்ளிவுடலையே.”

 நான் எழுந்து மாடிக்கு வந்தேன்.

காசு, நகை, பழம்பொருள் எதையும் இப்போது நான் படம் எடுப்பதில்லை. புடவை மட்டும்தான். அதிலும் கலப்புப் பட்டைச் சுத்தப்பட்டு என்று காட்டச் சொன்னால் மறுத்துவிடுகிறேன். இரண்டு கடைக்காரர்கள் விலகிப் போனார்கள். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அறையைக் காலி செய்துவிடலாமா என்று அக்காவிடம் கேட்டபோது, “ஏன், இன்னொருத்தியைத் தேடி நான் அலையணுமா?” என்றார். இருக்கிறேன்.

அண்ணா இடது கையால் சாப்பிடவும் சட்டைப் பொத்தான் போடவும் பழகிக்கொண்டார். வலது கை அப்படியேதான் இருக்கிறது. பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த பெண்ணை ஒருநாள் தெருவில் பார்த்துக் கேட்டேன். அவர் விடாமல் விரலை அசைத்துக்கொண்டே இருந்திருந்தால் கை வந்திருக்குமா என்று.

“சொல்ல முடியாதுக்கா. சில பேருக்கு என்ன பண்ணாலும் இவ்ளோதான்” என்றாள்.

என் மனசு ஆறட்டும் என்று அப்படிச் சொன்னாளா, நிஜமாகவே அப்படித்தானா என்று தெரியவில்லை. திருப்பிக் கேட்க எனக்குத் துணிச்சலும் இல்லை.