இமையோரம் தீட்டியது

மங்களூர் பெஜையில் மணப்பெண் அலங்காரம் செய்யும் செவரின் ரெபெல்லோவுக்கு எதைக் கண்டாலும் அருவருப்பு. வாடிக்கைக்காரிகள் பையிலிருந்து எடுத்து நீட்டும் மஸ்காரா, அடுத்தவர் கண்ணுக்குள் போய்வந்த பிரஷ், எல்லாவற்றையும் இரண்டு விரல் நுனியால் தூக்கிக் குப்பையில் போடுவாள். முப்பது வருடத் தொழிலில் அவளைப் பற்றித் தயங்காமல் சொல்லக்கூடிய நல்ல வார்த்தை ஒன்றுதான்: அழுக்கு பிரஷ்ஷால் யாரையும் தொட்டதில்லை.

அவளுடைய அப்பா கண் அழுத்த நோயில் பார்வை இழந்தவர். அதே நோய் அவளுக்கும் வந்து நான்கு வருடமாகிறது. இடக்கண்ணின் ஓரப்பார்வை கொஞ்சம் போய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்றத் தினமும் ஒரு சொட்டு மருந்து. அந்த மருந்தால் இமைமுடி சற்று நீண்டது. பார்த்த பெண்கள் பொறாமைப்பட்டார்கள். அது அவளுக்கு ருசித்துவிட்டது. இன்னும் நீளட்டும் என்று இமைமுடி வளர்க்கும் சீரம் ஒன்றை வாங்கி இமையோரத்தில் தீட்டத் தொடங்கினாள்.

ஆறு மாதத்தில், பதினாலில் நின்ற கண் அழுத்தம் இருபத்திரண்டுக்கு ஏறியது.

"சொட்டு மருந்து ஒழுங்கா போடறீங்களா?" என்றார் டாக்டர் ஷெணாய்.

"ஒரு நாள் தவறல டாக்டர்."

"வேற ஏதாவது கண்ணுல போடறீங்களா?"

"கண்ணுலயா? சேச்சே!"

இமையில்தானே போடுகிறாள்.

"அடுத்த வாரம் வாங்க. குறையலன்னா ஆபரேஷன் பத்திப் பேசணும்."

அந்த வாரத்தில்தான் பிரெசில்லா என்ற பெண்ணுக்கு 'ரோஸ்'. கல்யாணத்துக்கு முந்தின மாலை மணப்பெண்ணை உட்கார வைத்து உறவினர்கள் தேங்காய்ப்பால் ஊற்றும் சடங்கு. பெண்ணின் அம்மா ஹில்டா பள்ளித்தோழி, மறுநாள் அலங்காரமும் தன் கையில் என்பதால் செவரினும் போயிருந்தாள். மூன்றாவது கிண்ணம் தலையில் கவிழ்ந்ததும் பெண், "எரியுது, எரியுது!" என்று அலறினாள். செவரின் அவளைக் குளியலறைக்கு இழுத்துப் போய் முகத்தைக் கழுவினாள்.

மை கரைந்ததும் அடியில் இருந்தது தெரிந்தது. இமைகள் வீங்கிச் சிவந்திருந்தன. மயிர்க்கால்தோறும் மஞ்சள் பீளை காய்ந்து உமிபோல் ஒட்டியிருந்தது. தேங்காய்ப்பாலில் ஊறி அது பிசுபிசுவென்று விரலில் வந்தது. செவரின் விரலைக் குழாயில் மூன்று முறை கழுவினாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வாரம் ஆன்ட்டி. மை போட்டு மறைச்சுட்டேன்."

"இமையில என்னத்தைத் தீட்டறே?"

பெண் ஒரு சிறு பெட்டியைக் கொண்டுவந்தாள். உள்ளே ஊதா மூடி போட்ட குப்பி. மூடியோடு வந்த பிரஷ்ஷின் நுனியிலும் அதே மஞ்சள்.

"அக்காவும் இதுலதான் போடுவா. சித்தி பொண்ணும்."

"சீ! மூணு பேர் கண்ணுல விட்டு எடுத்த குச்சியா? அப்படியே ஒரே பிரஷ்ஷால மூணு பேரும் பல்லும் தேய்ச்சுக்கோங்க!"

"நீங்க போடறதுதானே ஆன்ட்டி? உங்க பார்லர் மேஜையில பார்த்துட்டுத்தான் வாங்கினேன்."

செவரின் பெட்டியைப் பிடுங்கினாள். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தாள். தன் பெட்டியில் இருந்ததை அவள் படிக்காமலே எறிந்திருந்தாள். தாளில் எழுதியிருந்தது: கண்ணிலோ இமையிலோ வீக்கம் இருந்தால் போடக் கூடாது. கண் அழுத்தத்துக்கு மருந்து போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. உள்ளிருக்கும் மருந்தின் பெயரும் தெரிந்த பெயர்தான்; அவளுடைய சொட்டு மருந்துக் குப்பியில் தினமும் பார்ப்பது. பிறர் அழுக்கைத் தேடிக்கொண்டே இருப்பவருக்குத் தன் மேஜையைப் பார்க்க நேரம் இருப்பதில்லை. அன்று முதல் முறையாகத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

ஹில்டா கதவருகே வந்தாள். "நாளைக்குள்ள சரியாயிடுமில்ல?"

"இப்பவே கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. இவ கண்ணுல ஒரு கோடுகூட இழுக்க மாட்டேன்."

"ஆல்பத்துல என் பொண்ணு அழுத மாதிரி இருப்பாளேடி!"

"மாப்பிள்ளை மூஞ்சியைப் பார்த்து அழுதான்னு சொல்லிக்கோ. போ!"

சொன்ன நாளில் செவரின் தன் குப்பியை இரண்டு விரல் நுனியால் பிடித்து டாக்டர் மேஜையில் வைத்தாள். அவர் எழுத்தைப் படித்தார்.

"ரெண்டும் ஒரே மருந்துதான். சேர்த்துப் போட்டா அழுத்தம் சரியா குறையாம போகலாம். நான் அன்னைக்கே கேட்டேனே?"

"கண்ணுலயான்னு கேட்டீங்க."

அவர் சிரிக்கவில்லை. "இதை நிறுத்துங்க. சொட்டு மருந்தை மட்டும் விடாதீங்க. ஒரு மாசம் கழிச்சு அளந்து பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்."

ஒரு மாதத்தில் அழுத்தம் பதினாறு. ஆபரேஷன் தள்ளிப்போயிற்று. ஆனால் இடக்கண்ணின் ஓரத்தில் இருட்டு இன்னும் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது. அது திரும்பிப் போகாது.

இப்போது நாற்காலியில் வந்து உட்காரும் பெண்களிடம் அவள், "கண்ணுல என்ன போடறே?" என்று கேட்பதோடு விடுவதில்லை. "சேச்சே, ஒண்ணுமில்ல" என்று பதில் வந்தால், விளக்கைப் பக்கத்தில் இழுத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே, இமையைத் தானே தூக்கிப் பார்க்கிறாள்.