மாந்தம் என்ற சொல்லை எங்கே வைப்பது

தொண்ணூறுகளின் கடைசியில், காரைக்குடியில் ஒரு குழந்தை மருத்துவரின் கிளினிக்கில் இணையப் பக்கங்கள் எழுதும் வேலை பார்த்தேன். கணினி படித்திருந்தேன், கையில் குழந்தையும் இருந்தது. பின்னறையில் கணினிக்குப் பக்கத்திலேயே தூளி கட்டிக்கொள்ள டாக்டரம்மா விட்டிருந்தார். இப்படி ஒரு வேலை வேறெங்கும் கிடைக்காது என்பதால், அது போய்விடுமோ என்ற பயம் சேர்ந்த நாளிலிருந்தே எனக்கு இருந்தது.

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வாழ்க்கைப்பட்டுப் போன எங்கள் பக்கத்துப் பெண்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் கழிச்சல் என்றாலும் ஊரிலிருக்கும் அம்மாவிடம்தான் போனில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காகத் தமிழில் ஒரு தளம் நடத்துவது டாக்டரம்மாவின் யோசனை. சிங்கப்பூரில் இருந்த அவருடைய தம்பி சர்வரைப் பார்த்துக்கொண்டார்.

அன்றைய தேடுபொறிகளுக்கு நாங்கள் அடித்த தமிழ் வெறும் கிறுக்கல். அந்தப் பெண்கள் தேடும்போது தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் அடித்தார்கள். அதுவும் வீட்டில் புழங்கும் சொல். பால் செரிக்காமல் வயிறு உப்பிக் கழிந்தால் எங்கள் வீடுகளில் அது மாந்தம். டாக்டரம்மாவுக்கு அந்தச் சொல்லே ஆகாது.

"அப்படி ஒரு நோயே கெடையாது. எம் பேரு போட்ட பக்கத்துல அது வரக்கூடாது."

"ஆனா டாக்டர், அதைத்தான அவுக தேடுறாக?"

கொஞ்சம் யோசித்தார். "கண்ணுக்குத் தெரியாம வைக்க முடியும்னா வச்சுக்க."

முடிந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக, மாந்தம், உரம், செவ்வாப்பு என்று பிள்ளை நோய்களுக்கு வீட்டில் சொல்லும் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடித்துவைத்தேன். அப்போது பலரும் செய்ததுதான். படிப்பவர் கண்ணில் படாது, தேடுபொறி படித்துக்கொள்ளும். ஆட்கள் வந்தார்கள், மின்னஞ்சலில் கேள்விகளும் வந்தன.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் அந்த வரத்து சட்டென்று நின்றது. என் மனம் முதலில் போனது நான் எழுதியதில் தப்பு இருக்குமோ என்றுதான். உப்புச் சர்க்கரைத் தண்ணீருக்கு அளவு மாற்றிப் போட்டுவிட்டேனோ, யாராவது அதைக் கொடுத்து ஏதாவது ஆகி, எல்லோரும் விலகிவிட்டார்களோ? அச்செடுத்த பக்கங்களைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடிக்கொண்டே இருந்தேன்.

"அளவு சரியாத்தான் இருக்கு. எத்தனை தடவதான் கேப்ப?" என்று அலுத்துக்கொண்டார்.

வீட்டில் கணவர், "ஒலகத்துல எல்லாப் பிள்ளைக்கும் ஒடம்பு நல்லாயிருச்சு போல. அதான் ஒருத்தரும் வரல" என்றார்.

"உங்களுக்கு எல்லாமே கேலிதான். வேலை போனா அப்பத் தெரியும்" என்றேன்.

அந்த வாரமே சிங்கப்பூரிலிருந்து தம்பி போன் செய்தார். சித்திரையோடு சர்வர் வாடகைக் கெடு முடிகிறது, ஆள் வராத தளத்தை அதற்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்றார். கூடவே காரணத்தையும் விசாரித்துச் சொன்னார். தேடுபொறிக்காரர்கள் விதியை மாற்றிவிட்டார்களாம். பின்னணியின் நிறத்திலேயே எழுத்தை ஒளித்து வைக்கும் பக்கங்களை ஏமாற்று என்று தள்ளிவிடுகிறார்களாம்.

மருந்தளவில் தப்பில்லை என்று ஒரு நிம்மதி. ஆனால் ஒளித்த சொற்களை எடுத்துவிட்டால் யாரும் எங்களைக் கண்டுபிடிக்க முடியாது. வெளியே வைக்க டாக்டரம்மா விடமாட்டார். கேட்கலாமா, அவர் கோபப்பட்டால் சித்திரைக்கு முன்னாலேயே வேலை போய்விடுமா என்று இரண்டு நாள் குழம்பினேன்.

மூன்றாம் நாள் ஊசிப் பதிவு அட்டைகளைக் கொடுக்கப் போனபோது உள்ளே ஒரு தாய் இருந்தாள். டாக்டரம்மா குழந்தையின் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்ன ஆத்தா, மாந்தம்னு நெனச்சுக்கிட்டுப் பால நிறுத்திட்டியா? அதெல்லாம் நிறுத்தக்கூடாது" என்றார். அந்தப் பெண்ணும் உடனே எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தாள்.

அவள் போனதும் கேட்டுவிட்டேன். "டாக்டர், நீங்களே உள்ள அந்தச் சொல்லத்தான் சொல்றீக. அப்பத்தான் அவுகளும் பேசுறாக. பக்கத்துல மட்டும் ஏன் கூடாது?"

"அது பேச்சு. இது எழுத்து."

"வெளிநாட்டுல இருக்குறவுகளுக்கு உங்க பேச்சு கெடைக்காதே."

என்னை முறைத்துப் பார்த்தார். அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று கதவுப் பக்கம் நகர்ந்தேன். அவர் மருந்துச் சீட்டு ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் எழுதித் தந்தார்: 'வீட்டில் மாந்தம் என்று சொல்வார்கள். பெயர் எதுவானாலும் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.'

அதை ஆங்கில எழுத்தில் பக்கத்தின் உச்சியில், கருப்பாக, எல்லோருக்கும் தெரிய வைத்தேன். வெள்ளை எழுத்துகளை முழுக்க அழித்தேன். மதியம் கிளினிக் மூடியிருக்கும்போதுதான் போன் லைன் கிடைக்கும். அப்போது இணைந்து, தேடுபொறி ஒவ்வொன்றிலும் எங்கள் பக்கங்களைத் திரும்பப் பதிவு செய்தேன். பல வாரம் ஒன்றும் நடக்கவில்லை. சரியாகத்தான் அழித்தேனா என்று தினமும் திறந்து பார்த்தேன்.

பங்குனியில் மலேசியாவின் ஈப்போவிலிருந்து ஒரு பெண், மாந்தம் என்று தேடி வந்ததாக எழுதினாள். மாமியார் பாலை நிறுத்தச் சொல்கிறார், நிறுத்தலாமா என்று கேட்டிருந்தாள். அதன்பின் ஒவ்வொருவராக வந்தார்கள். பழைய வரத்து முழுதும் திரும்பவில்லை. ஒரு தேடுபொறி கடைசிவரை எங்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. தம்பிக்கு இவ்வளவு போதுமா என்று தெரியாமல் சித்திரை வரை இருந்தேன்.

தம்பி கெடுவை நீட்டியதை டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொல்லவில்லை. ஒரு மதியம் பின்னறைக்கு வந்து நின்றார்.

"அடுத்து உரம். பிள்ளை கழுத்தத் திருப்ப முடியாம அழுதா, உரம் விழுந்துருச்சுன்னு சேலையில போட்டு உருட்டுவாக. அதை எழுது. உருட்டக்கூடாதுங்கிறத மொத வரியிலயே போடு."