இரண்டு சம்பந்திகளும் ஒரு ஜீனும்

எங்கள் வீட்டில் பழியை அடுத்தவர் மேல் போடுகிறவர் கிடையாது. தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்ளத்தான் போட்டி. ஐந்து வயதாகியும் என் மகள் நாலைந்து வார்த்தைக்கு மேல் பேசவில்லை. அதற்குத் தாமே காரணம் என்று என் அப்பாவும் மாமனாரும் வருஷக்கணக்காகச் சண்டை போட்டார்கள். தங்கச் சுரங்கம் மூடும்வரை அப்பா ஆழத்து லெவல்களில் பாறை துளைத்தவர். மாமனார் மேலே, நந்திதுர்க் சுரங்க வாசலில், ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜுக்கு, அதாவது இரும்புக் கூண்டுக்கு, ரோப்பைச் சுற்றி விடும் வைண்டிங் என்ஜின் ஓட்டியவர்.

"அந்தச் சூட்லயும் தூசிலயும் கெடந்தவன் நானு. என் ரத்தம்தான் கெட்டுப்போச்சு சம்பந்தி."

"இன்னா பேசறீங்க? எங்க வம்சத்துலயே லேட்டாதான் வாய் தொறப்பாங்க. நானே நாலு வயசுலதான் பேசுனேன்."

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவே இல்லை என்பது வேறு விஷயம்.

நான் மட்டும் இந்தப் போட்டியில் சேரவில்லை. நான்தான் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. வயிற்றில் எட்டு மாதம் ஆகும்வரை தினமும் எங்கள் ஊரான ஊரிகத்தில் ரயிலேறி, பெங்களூருக்கு வேலைக்கு நின்றுகொண்டே போனவள் நான். லீவு போடச் சொன்னவர்கள் மேல் எரிந்து விழுந்தவளும் நானே. இதை யாரிடம் சொல்ல?

பெங்களூரில் மரபணுப் பரிசோதனைக்கு மகள், நான், கணவர் மூவரின் ரத்தம் போதும் என்றார்கள். சம்பந்திகள் கேட்டால்தானே! சுரங்கத்து மெடிக்கலுக்குப் போகிற மாதிரி இஸ்திரி போட்ட சட்டை, வெறும் வயிறு, பழைய சர்வீஸ் புத்தகம் சகிதம் வந்து, கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நர்ஸ் இருவரையும் எழுப்பி அனுப்பினாள். இட்லி வாங்கிக் கொடுத்தும் அப்பாவுக்குக் கோபம் தீரவில்லை.

ரிசல்ட் வாங்கப் போனபோதும் இருவரும் ஆஜர். டாக்டரம்மா பொறுமைசாலி. ஏஆர்ஐடி ஒன் பி என்றொரு ஜீனில் கோளாறு என்றார். மூளை செல்களுக்குள் டிஎன்ஏ இழை இறுகச் சுற்றியிருக்குமாம். வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் அதைத் தளர்த்திக் கொடுப்பதில் இந்த ஜீனுக்குப் பங்கு உண்டாம். எல்லோருக்கும் அதில் இரண்டு பிரதி. என் மகளுக்கு ஒன்றுதான் வேலை செய்கிறது.

மாமனார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "ரோப்பு அறுந்துடலியே?"

"இல்லீங்க."

"ரெண்டு டிரைவர்ல ஒருத்தன் டூட்டிக்கு வரல. அவ்ளோதானே? அப்போ கேஜு வரும். லேட்டா வரும்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "எவ்வளவு தூரம் வரும்னு இப்பவே சொல்ல முடியாது. பயிற்சியை விடாதீங்க. இன்னொண்ணு, இந்த மாற்றம் அம்மாகிட்டயும் இல்லை, அப்பாகிட்டயும் இல்லை. இவளுக்குத்தான் புதுசா வந்திருக்கு."

சம்பந்திகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இத்தனை வருஷப் போட்டியில் இருவருமே தோற்றுப்போனார்கள்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "மாசமா இருந்தப்போ ரயில்ல நின்னுக்கிட்டே போனேங்க. எட்டு மாசமும்."

"அதுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லைம்மா. நீங்க செஞ்ச எதனாலயும் இது வரல."

அழுதேன். வெட்கமில்லாமல், எல்லோர் எதிரிலும். மகள் என் துப்பட்டாவாலேயே என் மூக்கைத் துடைத்துவிட்டு, தன் நாலைந்து வார்த்தைகளில் ஒன்றைச் சொன்னாள். "போலாம்."

சாயங்கால ரயிலில் நல்ல கூட்டம். மகளுக்கும் சம்பந்திகளுக்கும் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஊரிகம்வரை நின்றுகொண்டே வந்தேன். கால் வலித்தது. கால் மட்டும்தான்.